பித்தளை லென்ஸுக்குப் புளி வேண்டாம்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள்தான் பழைய பித்தளை லென்ஸுகளுக்குக் கண்டம். குத்துவிளக்கு, சொம்பு, தாம்பாளம் எல்லாம் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கும்போது, பரணிலிருந்து இறங்கிய தாத்தா காலத்து கேமராவின் லென்ஸும் அந்த வரிசையில் சேர்ந்துகொள்ளும். பத்து நிமிடத்தில் தங்கம் போல மின்னும். நூறு வருடத்துக்கு மேல் தாங்கிய மேல்பூச்சு அதே பத்து நிமிடத்தில் சாக்கடையோடு போயிருக்கும்.

குத்துவிளக்கு வெறும் பித்தளை. கனமாக வார்த்தது, எத்தனை தலைமுறை தேய்த்தாலும் தாங்கும். லென்ஸின் குழாய் மெல்லியது, மரைகள் நுணுக்கமானவை. அதைவிட முக்கியம், அந்தப் பொன்னிறம் பித்தளையின் நிறமே அல்ல, பூச்சின் நிறம். 19ஆம் நூற்றாண்டுப் பட்டறைகளில் பித்தளையைச் சூடாக்கி, சாராயத்தில் கரைத்த அரக்கை மென்மையான தூரிகையால் ஒரே இழுப்பில் பூசினார்கள். நிறத்துக்காகக் கம்போஜ் என்ற மஞ்சள் பிசின், டிராகன்ஸ் பிளட் என்ற சிவப்புப் பிசின், சில கலவைகளில் நம் சமையல் மஞ்சள்கூடச் சேர்ந்தது. அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்து கப்பலேறிய சரக்கு. நம் தச்சர்கள் அவலரக்கு என்று சொல்லி நாற்காலிக்குப் போடுகிற அதே பொருள்தான் லண்டனிலும் பாரிஸிலும் லென்ஸ் குழாய்க்குப் போனது.

இது தெரிந்தால் எது ஆகும், எது ஆகாது என்பது தானாகவே விளங்கிவிடும். அரக்கு சாராயத்தில் கரையும். ஆகவே ஸ்பிரிட், ஐசோபுரோபைல் ஆல்கஹால், கண்ணாடி துடைக்கும் திரவங்களில் பெரும்பாலானவை எல்லாம் குழாய்ப் பக்கம் வரக்கூடாது. சானிடைசர் காயாத கையோடு பிடித்தால் கைரேகை பூச்சிலேயே பதிந்துவிடும், அதை எதனாலும் எடுக்க முடியாது. காரத்திலும் அரக்கு கரையும். துணி சோப்பு, சோடா உப்பு, அம்மோனியா வாடை அடிக்கும் மெட்டல் பாலிஷ் எல்லாம் விலக்கு. தண்ணீர் நெடுநேரம் பட்டால் பால் போல வெளுக்கும். ஆனால் மண்ணெண்ணெய், மினரல் டர்பன்டைன் போன்ற பெட்ரோலிய எண்ணெய்களுக்கு அசையவே அசையாது. பெயின்ட் கடையில் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: டர்பன்டைன் வேறு, தின்னர் வேறு. தின்னர் அரக்கை ஒரே துடைப்பில் வழித்துவிடும். பாட்டிலை மாற்றிக் கொடுத்தால் மோந்து பார்த்தாலே தெரியும், தின்னரின் நெடி மூக்கை அறுக்கும்.

புளி செய்வது இன்னொரு வகைக் கேடு. அதில் இருக்கும் டார்டாரிக் அமிலம் பூச்சின் ஓட்டை வழியே இறங்கி உலோகத்தைத் தின்னும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. அமிலத்தில் ஊறவிட்டால் துத்தநாகம் முதலில் கரைந்து வெளியேறி, அந்த இடம் செம்பு நிறத்தில் திட்டுத் திட்டாக நிற்கும். எலுமிச்சையும் அப்படித்தான். வெளியே இளஞ்சிவப்புத் திட்டுகள் உள்ள லென்ஸைப் பார்த்தால், யாரோ பாசத்தோடு ஊற வைத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

அம்மோனியாவைப் பற்றி ஒரு பழைய இந்தியச் சங்கதி உண்டு. பிரிட்டிஷ் ராணுவத்தின் பித்தளைத் தோட்டா உறைகளைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்தார்கள். மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தால் உறைகள் தாமாகவே விரிசல் விட்டிருந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, காற்றின் ஈரம், இழுத்துச் செய்த பித்தளையில் தங்கியிருக்கும் இறுக்கம் மூன்றும் சேர்ந்து செய்த வேலை என்று 1921இல்தான் விளக்கம் கிடைத்தது. லென்ஸின் ஹூட் (முன்னால் நீளும் நிழல்மறைப்பு), மெல்லிய வளையங்கள் இவையும் அதே மாதிரி இறுக்கத்தோடு இருப்பவை. எனவே மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறை, எஸ்டேட்டில் யூரியா மூட்டை அடுக்கிய கிடங்கு, கழிவறைச் சுவரை ஒட்டிய அலமாரி எதுவும் லென்ஸுக்கு இடமல்ல.

சேலத்துப் பழைய ஸ்டுடியோக்களிலிருந்தும் ஏற்காட்டு பங்களாக்களிலிருந்தும் வெளிவருகிற லென்ஸுகள் பெரும்பாலும் மூன்று குடும்பங்களில் அடங்கும். அவற்றை அடையாளம் காணாமல் கழற்றக்கூடாது.

முதலாவது பெட்ஸ்வால். ஜோசப் பெட்ஸ்வால் 1840இல் கணக்குப் போட்டு, வியன்னாவில் ஃபோக்ட்லெண்டர் செய்த உருவப்பட லென்ஸ். திறப்பு எஃப் 3.6 அளவு, அதாவது குவியத் தூரம் திறப்பின் விட்டத்தைப் போல 3.6 மடங்கு. நீளமான குழாய், பெரிய முன்கண்ணாடி, பக்கவாட்டில் பல்சக்கரக் குமிழ் இருந்தால் பெரும்பாலும் இந்த வகைதான். முன்பக்கம் இரண்டு கண்ணாடி ஒட்டியிருக்கும். பின்பக்கம் இரண்டும் ஒட்டாமல், நடுவில் ஒரு வளையத்தோடு தனித்தனியாக இருக்கும். கழற்றுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். வழக்கமான அமைப்பில் நடுவில் பள்ளமான ஃபிளின்ட் (ஈயம் கலந்த) கண்ணாடி குழாயின் நடுப்பக்கமும், இருபுறமும் புடைத்த கிரௌன் (ஈயமில்லாத) கண்ணாடி கேமராப் பக்கமும் வரும். லண்டன் லென்ஸ் தயாரிப்பாளர் டால்மேயர் 1866இல் காப்புரிமை வாங்கிய உருவப்பட லென்ஸில் இந்த வரிசை தலைகீழ். எந்த வகை என்று தெரியாமல் கழற்றி, துடைத்து, ஊகித்து மாட்டினால் படத்தின் நடுப்பகுதிகூடக் கூர்மையாக விழாது. கழற்றும்போதே ஒவ்வொரு கண்ணாடியின் விளிம்பிலும் மென்மையான பென்சிலால் அம்புக்குறி போடுங்கள், கூர்முனை முன்பக்கம் பார்த்தபடி. கைபேசியில் ஒவ்வொரு படியும் படமெடுங்கள். வளையத்துக்கும் முன் பின் உண்டு, அதையும் குறியுங்கள்.

இரண்டாவது ரேபிட் ரெக்டிலீனியர். அதுவும் 1866. லண்டனில் டால்மேயரும் மூனிக்கில் ஸ்டைன்ஹைலும் ஒரே வருடத்தில் தனித்தனியே எட்டிய வடிவம், ஸ்டைன்ஹைல் தன்னுடையதுக்கு அப்லனாட் என்று பெயர் வைத்தார். முன்னும் பின்னும் ஒட்டிய ஜோடி, நடுவில் திறப்பு. எஃப் 8 சுமார். எஸ்டேட் வீடுகளின் மரக் கேமராக்களில் அதிகம் மாட்டியிருப்பது இதுதான். இரண்டு செல்லும் (கண்ணாடியைப் பிடித்திருக்கும் பித்தளைக் கூடு) ஒரே மாதிரி தெரியும் என்பதால் இடம் மாற்றி மாட்டிவிடுவார்கள். சிலவற்றில் இரண்டும் ஒன்றல்ல, குறி போடாமல் விடாதீர்கள்.

மூன்றாவது குக் ட்ரிப்லெட், 1893. மூன்று தனிக் கண்ணாடிகள், ஒட்டு கிடையாது. நடுக் கண்ணாடியின் இடைவெளி மயிரளவு மாறினாலும் கூர்மை போய்விடும். ஆகவே வெளிக் கண்ணாடிகளை மட்டும் துடைத்துவிட்டு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

கழற்றும் முன் ஒரு எல்.ஈ.டி. டார்ச்சைப் பின்பக்கம் சாய்வாகப் பிடித்து, முன்பக்கமிருந்து பாருங்கள். சிலந்தி வலை போலக் கிளை விட்டால் பூஞ்சை. விளிம்பிலிருந்து உள்ளே வரும் வானவில் நிறத் திட்டு என்றால் ஒட்டு விலகியிருக்கிறது. கண்ணாடி முழுதும் இளமஞ்சளாக இருந்தால் ஒட்டுப் பிசின் முதிர்ந்திருக்கிறது. மேற்பரப்பில் நீலமும் ஊதாவும் கலந்த மெல்லிய படலம் தெரிந்தால், அது அழுக்கு அல்ல.

அந்த நீலப் படலத்தின் மேல்தான் அதிகக் கொடுமை நடக்கிறது. ஈயம் கலந்த ஃபிளின்ட் கண்ணாடியின் மேற்பரப்பு காலப்போக்கில் காற்றோடும் ஈரத்தோடும் வினைபுரிந்து உண்டாவது அது. குக் ட்ரிப்லெட்டை வடிவமைத்த டென்னிஸ் டெய்லர், இப்படி மங்கிய கண்ணாடி புதுக் கண்ணாடியைவிட அதிக வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்று கவனித்தார். அதைச் செயற்கையாகவே உண்டாக்க 1904இல் காப்புரிமையும் வாங்கினார். இன்று எல்லா லென்ஸிலும் இருக்கும் எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சின் மூத்த அண்ணன் இந்தக் கறை. டூத் பேஸ்ட்டோ, கண்ணாடிக்கு மெருகேற்றும் சீரியம் ஆக்ஸைடு பொடியோ போட்டு அதைத் தேய்த்து எடுப்பவர், இலவசமாகக் கிடைத்த பூச்சை எடுத்துவிட்டு, கண்ணாடியின் வளைவையும் கெடுக்கிறார்.

கழற்றுவதற்கு இடுக்கி கூடாது. பழைய சைக்கிள் ட்யூபை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, செல்லைச் சுற்றிப் பிடித்துத் திருகினால் பாதி லென்ஸுகள் வழிக்கு வரும். வேலை முடிந்ததும் ட்யூபை எடுத்துவிட வேண்டும், ரப்பரில் உள்ள கந்தகம் பித்தளையைக் கறுக்கும். ரப்பர் பேண்ட் சுற்றி வைத்த லென்ஸில் கறுப்பு வளையம் விழுவது இதனால்தான். மரை இறுகியிருந்தால் மண்ணெண்ணெயோ டர்பன்டைனோ ஒரு துளி, குச்சியின் நுனியால் மரை வாயில் மட்டும் வைத்து, லென்ஸைச் சாய்த்து ஒரு இரவு விடுங்கள். இரண்டு துளி வைத்தால் மிச்சம் கண்ணாடிக்கு ஊர்ந்துவிடும். மறுநாள் இறுக்கும் திசையில் மிக லேசாக ஒரு அசைவு, பிறகு கழற்றும் திசையில். அப்படியும் வராவிட்டால் கையழுத்தத்தைக் கூட்டாதீர்கள். மெல்லிய வளையம் அழுத்தினால் முட்டை வடிவமாகும், முட்டை வடிவான மரை இன்னும் இறுகும். விரல்களைச் சுற்றிலும் பரப்பி, உள்ளங்கை முழுவதும் படும்படி பிடித்தால் குறைந்த அழுத்தத்திலேயே வருவதுண்டு.

முன்கண்ணாடியைச் சுற்றி மரை வளையமே இல்லாமல் பித்தளை விளிம்பு கண்ணாடி மேல் மடிந்திருந்தால், அது லேத்தில் சுழற்றி அமுக்கி மூடியது. அதைத் திறக்க வழி இல்லை. நெம்பினால் கண்ணாடியின் விளிம்பு சில்லு சில்லாகப் போகும். அப்படியே செல்லோடு துடையுங்கள்.

பித்தளையைச் சுத்தம் செய்யும் முறை எளிது, பொறுமைதான் செலவு. முதலில் உலர்ந்த மென் தூரிகை. பிறகு பருத்தித் துணியில் டர்பன்டைன் தொட்டு, பிழிந்து, மெல்லத் துடைப்பது. பழைய வேட்டித் துணிக்கு ஈடு கிடையாது, ஆனால் கஞ்சி போகத் துவைத்திருக்க வேண்டும். புதுத் துணியிலும் பாவுக்குப் போட்ட மாவுப் பசை இருக்கும். நம் ஊரே மரவள்ளி மாவும் ஜவ்வரிசியும் தயாரிக்கிற ஊர், அந்த மாவு நூலில் ஏறுவது நமக்குத் தெரியாததல்ல. மாவு பூஞ்சைக்குச் சோறு. இரண்டு முறை வெந்நீரில் அலசிய துணியே லென்ஸ் பக்கம் வரட்டும்.

மரை இடுக்கில் பச்சையாக, மெழுகு மாதிரி பிசுபிசுப்பாக இருப்பது பழைய கிரீஸும் செம்பும் சேர்ந்து உண்டானது. மூங்கில் குச்சியைத் தீட்டி, டர்பன்டைன் தொட்டு உருட்டி எடுத்தால் வந்துவிடும். ஊசி, பிளேடு வேண்டாம். வெளிர் பச்சையில் பொடியாக உதிர்வது வேறு, அது வியர்வை உப்பின் வேலை. அந்த இடத்தைப் பேட்டரி வாட்டர் (காய்ச்சி வடித்த தண்ணீர், ஆசிட் அல்ல) தொட்ட குச்சியால் துடைத்து உப்பைக் கரைத்தெடுத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி, ஹேர் டிரையரின் குளிர்ந்த காற்றில் காயவைக்க வேண்டும். உப்பு மிச்சமிருந்தால் அடுத்த மழைக்கு அதே இடத்தில் பச்சை திரும்ப எட்டிப்பார்க்கும்.

பொறித்த எழுத்துகளில் அழுக்கு போலத் தெரியும் கறுப்பு, அழுக்கு அல்ல. மெழுகு கலந்த நிரப்பி. அந்தப் பெயரும் வரிசை எண்ணும்தான் லென்ஸின் ஜாதகம். பழசு வாங்குகிறவர் முதலில் பார்ப்பதும் அதைத்தான். அந்தப் பகுதியில் துணியைத் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

மேல்பூச்சு பாதிக்கு மேல் இருந்தால் இத்தோடு நிறுத்தி மெழுகு பூசலாம். பிரிட்டிஷ் மியூசியம் 1950களில் உருவாக்கிய ரெனைசான்ஸ் வாக்ஸ் என்ற நுண்படிக மெழுகு இதற்குத் தோதானது. மூன்று அங்குல விட்டமுள்ள குழாய்க்கு இரண்டு அரிசி மணி அளவு போதும். துணியில் எடுத்து மெல்லிதாகப் பூசி, ஒரு நிமிடம் கழித்து வேறு துணியால் மெருகேற்றினால் முடிந்தது. அதிகம் போட்டால் எழுத்துப் பள்ளத்தில் வெள்ளையாகத் தேங்கும். தேன்மெழுகு வேண்டாம், அதன் சொந்த அமிலம் நாளடைவில் பித்தளையைப் பச்சையாக்கும்.

பூச்சு முழுதுமே போய்விட்ட லென்ஸுக்கு மட்டும் புது அரக்குப் பூச்சைப் பற்றி யோசிக்கலாம். பலரும் உடனே இதற்குத் தாவுகிறார்கள். பாதி பூச்சுள்ள ஒரிஜினலைச் சுரண்டிப் புதுசு போடுவது என் பார்வையில் பாவம். செய்வதாக இருந்தால் கண்ணாடி அத்தனையும் வெளியே எடுத்திருக்க வேண்டும். மெழுகு நீக்கிய வெளிர் அவலரக்கு 10 கிராம், தண்ணீர் கலக்காத சுத்த ஆல்கஹால் 100 மில்லி. ஒரு நாள் மூடிவைத்துக் கரைத்து, காபி ஃபில்டர் பேப்பரில் வடிகட்டுங்கள். பித்தளையை நுண்ணிய கால்சியம் கார்பனேட் தூள், டர்பன்டைன் குழம்பால் தேய்த்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, கையால் இரண்டு விநாடிக்கு மேல் பிடிக்க முடியாத சூட்டுக்குக் கொண்டுவந்து, நிறைந்த தூரிகையால் ஒரே சுற்றில் பூச வேண்டும். பூசிய இடத்துக்குத் தூரிகையைத் திரும்பக் கொண்டு போனால் கோடு விழும், அங்கிருந்து மறுபடி முதலிலிருந்துதான். ஆல்கஹால் ஆவியாகும்போது குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுக்கும், பூச்சு வெளுத்துப்போகும். ஆகவே இந்த வேலைக்கு ஏப்ரல், மே மாதத்துச் சேலம் வெயில் கச்சிதம். ஏற்காட்டில் மேகம் ஜன்னல் வழியே உள்ளே வருகிற நாளில் செய்தால் பால் நிறக் குழாய்தான் கிடைக்கும். நிறத்துக்கு மஞ்சள் கலந்தால் அழகாகவே வரும், ஆனால் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளிறிவிடும்.

கண்ணாடிக்கு வருவோம். முதலில் ஊதல்: மருந்துக் கடையில் காது கழுவ விற்கும் ரப்பர் பல்பு போதும். பங்சர் கடை ஏர் வேண்டாம், அந்தக் காற்றில் எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்தே வரும். தூசி போகாமல் துணி வைத்தால், மணல் துகளை வைத்துத் தேய்ப்பதற்குச் சமம், அதுவும் மென்மையான ஃபிளின்ட் கண்ணாடியில். பிறகு 200 மில்லி பேட்டரி வாட்டரில் வாசனையில்லாத பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி. பஞ்சுக் குச்சியை நனைத்து, உதறி, நடுவிலிருந்து விளிம்புக்குச் சுருளாக ஒரே ஒரு சுற்று. குச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்தது. ஒரு கண்ணாடிக்கு ஆறேழு குச்சி ஆகும், அதில் கஞ்சம் பிடிக்காதீர்கள். கடைசியில் வெறும் பேட்டரி வாட்டர், பின் உலர்ந்த மைக்ரோஃபைபர். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், காய்ந்ததும் சுண்ணாம்புப் புள்ளி நிற்கும்.

கொழுப்புக் கறை போகவில்லை என்றால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் குச்சியில் தொட்டு, கண்ணாடியின் நடுவில் மட்டும். விளிம்பில் பூசிய கறுப்பும் செல்லின் உட்கறுப்பும் பெரும்பாலும் அரக்கில் கலந்தவை, ஆல்கஹால் பட்டால் கரைந்து கண்ணாடிமேல் மை போல ஓடும். ஓடிவிட்டால் உடனே துடைக்காமல் காயவிட்டு, பிறகு எடுப்பது நல்லது. மருந்துக் கடை சர்ஜிகல் ஸ்பிரிட் வாங்காதீர்கள், சிலவற்றில் விளக்கெண்ணெய் சேர்ந்திருக்கும், துடைக்கத் துடைக்கப் படலம் வரும்.

பூஞ்சைக்கு ஹைட்ரஜன் பெராக்ஸைடு. மருந்துக் கடையில் கிடைப்பது வழக்கமாக 6 சதவீதம். அதே அளவு பேட்டரி வாட்டர் கலந்தால் 3 சதவீதம். தனிக் கண்ணாடி என்றால் செல்லிலிருந்து எடுத்து, நனைத்த பஞ்சை அதன்மேல் ஐந்து நிமிடம் வைத்து, துடைத்து, மறுபடி. ஒட்டிய ஜோடியை நனைய வைக்கக்கூடாது, ஒட்டின் விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறும். குச்சியால் பரப்பை மட்டும் ஈரப்படுத்தித் துடைக்க வேண்டும். பெராக்ஸைடு பித்தளையிலும் படக்கூடாது. பூஞ்சை போன பிறகும் வேர் ஓடிய தடம் தெரிந்தால், பூஞ்சை விட்ட அமிலம் கண்ணாடியை அரித்துவிட்டது என்று அர்த்தம். அது இனி போகாது, மெல்லிய தடம் படத்தில் பெரும்பாலும் தெரியவும் தெரியாது.

வெயிலில் வைத்தால் பூஞ்சை சாகும் என்று ஒரு யோசனை ஊரெல்லாம் உலவுகிறது. எட்டு அங்குலக் குவியத் தூரம் உள்ள பெட்ஸ்வாலை மொட்டை மாடியில் சூரியனைப் பார்த்து வைப்பது, பூதக்கண்ணாடியால் வீட்டைக் கொளுத்துவது மாதிரி. தீ பற்றாவிட்டாலும், கறுத்த பித்தளை சூடேறி உள்ளே இருக்கும் ஒட்டு இளகும். சேலத்து மே மாத வெயிலில் கார் டேஷ்போர்டில் விட்டாலும் இதே கதிதான்.

அந்த ஒட்டு கனடா பால்சம், வட அமெரிக்க ஃபிர் மரத்தின் பிசின். அதன் ஒளிவிலகல் எண் கண்ணாடிக்கு மிகக் கிட்டே இருப்பதால் ஒட்டே இல்லாதது போலத் தெரியும். விளிம்பில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விலகியிருந்தால் கை வைக்காதீர்கள், படத்துக்குச் சேதமில்லை. நடுப்பகுதி வரை வந்துவிட்டால்தான் பிரித்து ஒட்டுவது. பிரிக்கும் முன் இரண்டு கண்ணாடியின் விளிம்பையும் சேர்த்து ஒரு கோடு போடுங்கள், சுழற்சி மாறாமலிருக்க. பாத்திரத்தின் அடியில் துணி மடித்துப் போட்டு, குளிர்ந்த தண்ணீரில் கண்ணாடியை வைத்து, சிம்மில் முக்கால் மணி நேரம் எடுத்து 80 டிகிரிக்குக் கொண்டு போக வேண்டும். வேகப்படுத்தினால் கிரௌன் ஒரு அளவும் ஃபிளின்ட் ஒரு அளவும் விரிந்து, ‘டக்’ என்ற சத்தம் கேட்கும். அத்தோடு கதை முடிந்தது. பிசின் இளகியதும் பக்கவாட்டில் நழுவவிடுங்கள், இழுத்துப் பிரிக்காதீர்கள். கண்ணாடி அந்தத் தண்ணீரிலேயே இரவு முழுக்க ஆற வேண்டும். மீந்த பிசின் அசிடோனில் போகும். திரும்ப ஒட்டுவதை விலைமதிப்பான லென்ஸில் முதல்முறை முயல வேண்டாம். உடைந்த பைனாகுலரின் ஜோடிக் கண்ணாடியில் நாலைந்து முறை பழகுங்கள்.

திறப்பைச் சுருக்கி விரிக்கும் ஐரிஸ் இதழ்களுக்கு எண்ணெய் ஆகாது. இறுக்கம் இதழில் அல்ல, வெளி வளையத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். வளையத்தின் ஓரத்தில் டர்பன்டைன் தொட்ட குச்சி ஓட்டினால் போதும். இதழ் கறுப்பாக, இலேசாக, பிளாஸ்டிக் போல இருந்தால் அது எபோனைட், கடினமாக்கிய ரப்பர். வயதான எபோனைட் அப்பளம் மாதிரி நொறுங்கும், திரவம் எதுவும் காட்டாமல் உலர்ந்த தூரிகையோடு விட்டுவிடுங்கள். ஐரிஸுக்குப் பதில் குழாயின் மேல் ஒரு பிளவு மட்டும் இருந்தால் அது வாட்டர்ஹவுஸ் ஸ்டாப்புக்கானது, ஜான் வாட்டர்ஹவுஸ் 1858இல் கொண்டுவந்த முறை. துளையிட்ட தகடுகள் பெரும்பாலும் தொலைந்திருக்கும். அமிலமில்லாத கறுப்பு அட்டையில் வெட்டிக்கொள்ளலாம். எட்டு அங்குலக் குவியத் தூரத்துக்கு எஃப் 8 வேண்டுமென்றால் துளை ஒரு அங்குலம். முன்கண்ணாடி ஒளியைக் கொஞ்சம் குவித்தே அனுப்புவதால் உண்மை அளவு சற்றுச் சிறிதாக வேண்டும், உருவப்படத்துக்கு அந்த வித்தியாசம் பெரிதல்ல. பயன்படுத்தாதபோது பிளவை ஒரு கறுப்புக் காகிதப் பட்டையால் மூடிவையுங்கள், தூசி நுழையும் வாசல் அதுதான்.

ஃபிளேஞ்ச் (லென்ஸைக் கேமராவில் திருகிப் பொருத்தும் வளையம்) இல்லாத லென்ஸுக்கு லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம், சேலத்தில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் மரையை அளக்காமல் கொடுக்காதீர்கள். ஆங்கிலேய லென்ஸுகளில் பல அங்குலத்துக்கு 24 மரை, அதாவது ஒரு மரைக்கு 1.058 மில்லிமீட்டர். பட்டறைக்காரர் ‘ஒரு எம்எம் போட்டுக்கலாம்ணா, சரியா வரும்’ என்பார். மூன்று சுற்று ஏறும், நாலாவதில் சிக்கும், அங்கே பலம் காட்டினால் நூறு வருட மரை வழித்துக்கொண்டு போகும். மரை கேஜ் வைத்து அளந்து, முதலில் ஒரு நைலான் துண்டில் மாதிரி கடையச் சொல்லுங்கள். ஹூட் நசுங்கியிருந்தால் உள்ளே பொருந்துகிற மரக்கட்டை ஒன்றைக் கடைந்து வைத்து, செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் இருப்பது மாதிரி மரச்சுத்தியால், நசுக்கின் ஓரத்திலிருந்து நடுவுக்குத் தட்டி வர வேண்டும். சூடு காட்டினால் பூச்சு போகும்.

பாதுகாப்பில் முதல் விதி, லென்ஸையும் கேமராவையும் ஒரே பெட்டியில் வைக்காதது. 20 லிட்டர் காற்றுப் புகாத டப்பாவில், 25 டிகிரியில், 80 சதவீத ஈரக் காற்றில் இருக்கும் மொத்தத் தண்ணீர் அரை கிராம்கூட இல்லை. 100 கிராம் சிலிக்கா ஜெல்லுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் அதே டப்பாவில் இரண்டு கிலோ மரக் கேமராவை வைத்தால், மரத்துக்குள்ளேயே 200 கிராமுக்கு மேல் தண்ணீர் இருக்கும். ஜெல் அதை இழுத்து இழுத்துத் தோற்கும், நடுவில் மரம் வெடிக்கும். தோலுறையும் அப்படித்தான், ஈரத்தையும் பதனிட்ட அமிலத்தையும் சேர்த்து வைத்திருக்கும், தோல் தொட்ட இடத்தில் பித்தளை பச்சையாகும். கம்பளி, ஸ்பான்ஜ், செய்தித்தாள், பிளைவுட் பெட்டி இவையும் வேண்டாம். கஞ்சி போன பருத்தித் துணியில் சுற்றி, மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, டப்பாவை வெளிச்சுவரை ஒட்டாத பீரோவில் வையுங்கள். நாப்தலின் உருண்டையும் கற்பூரமும் பீரோவில் இருக்கக்கூடாது, ஆவியாகிக் கண்ணாடியில் படியும்.

ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருக்கட்டும். 65ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை முளைக்கத் தொடங்கும். சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று டப்பாவுக்குள் போடுங்கள், ஆனால் நம்பும் முன் சோதியுங்கள். பாட்டில் மூடியில் உப்புப் போட்டு, சேறு பதத்துக்குத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு ஜிப் கவரில் மூடி ஒரு இரவு வைத்தால் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் அந்த மீட்டருக்கு எப்போதும் ஐந்து கூட்டிக்கொள்ளுங்கள். நீலச் சிலிக்கா இளஞ்சிவப்பானால் 120 டிகிரி ஓவனில் இரண்டு மூன்று மணி நேரம் வறுத்து எடுக்கலாம். நீல நிறம் நச்சுள்ள கோபால்ட் உப்பு என்பதால் சமையல் ஓவனில் செய்யாமல், ஆரஞ்சு நிற ஜெல் வாங்குவது மேல். சேலத்தில் டப்பா நன்றாக மூடினால் ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை பார்த்தால் போதும். ஏற்காட்டில் ஜூனிலிருந்து டிசம்பர் வரை மாதம் ஒரு முறை.

மலையில் இருக்கிற லென்ஸைக் கீழே கொண்டுவரும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்கும் கீழே, நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவு. 16 டிகிரியில் இருந்த பித்தளையும் கண்ணாடியும் ஒரு மணி நேரத்தில் 30 டிகிரிக் காற்றுக்கு வருகின்றன. அந்தக் காற்றில் 60 சதவீத ஈரம் இருந்தால் 21 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் நீர் கோக்கும். அது வெளியே மட்டுமல்ல, குழாய்க்குள்ளும், ஒட்டின் விளிம்பிலும், ஐரிஸ் இதழ்களுக்கு நடுவிலும். ஆகவே மேலே, குளிர்ந்த அறையிலேயே, லென்ஸை ஜிப் கவரில் போட்டு, காற்றை முடிந்தவரை அமுக்கி வெளியேற்றி மூடிவிடுங்கள். அதைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் திறந்து பார்க்கக் கை அரிக்கும். கனத்த பெட்ஸ்வாலுக்கு மூன்று மணி நேரம்கூட ஆகலாம். கவரின் வெளிப்புறம் முத்து முத்தாக வேர்த்திருக்கும். அந்த நீர் காய்ந்து, கவரைத் தொட்டால் மேஜையின் சூடே இருக்கும்போது பிரியுங்கள்.